உழைக்காத நாளும் குதிரை தின்னும்

கிர்கிஸ்தானில் சுமார் 3,000 மீற்றர் உயரத்தில் சோங்கோல் என்றொரு மலை ஏரி உண்டு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மேய்ப்பர்கள் அங்கு மந்தையோடு தங்குவர். அவர்களுடைய குதிரைகளில் சவாரி செய்து, கம்பளிக் கூடாரங்களில் தங்கிச் செல்ல உல்லாசப் பயணிகள் வருகின்றனர். இத்தொழிலின் கணக்கை நமது வியாபாரிகளும் படிக்கலாம்.

கட்டிவைத்து வளர்க்கும் 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். வருடத்திற்கு 2,920 கிலோ. சவாரி கிடைப்பது 100 நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு சவாரி நாளின் தலையில் விழுவது 8 கிலோ அல்ல, 29 கிலோ. எட்டை வைத்துக் கூலி பேசியவர் சீசனில் கை நிறையக் காசு பார்ப்பார்; குளிர்காலத்தில் குதிரையை விற்பார். பாரத்தைக் கூட்டியும் ஈடுகட்ட முடியாது. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்திலொரு பங்கு, அதாவது 80 கிலோவே பொதுவான எல்லை.

மேய்ப்பர்கள் தப்புவது எப்படி? சவாரிக்கென்று அவர்கள் குதிரை வாங்கவில்லை. மந்தைக்காக வைத்திருந்த குதிரையே அது. செலவை மந்தை சுமக்கிறது. சவாரிக் கூலி மேலதிக வருமானம். கொச்கோர் போன்ற ஊர்களில் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்துள்ளன. ஒருவர் குதிரை, ஒருவர் கூடாரம், ஒருவர் வழிகாட்டி. பதிவு மட்டும் பொது அலுவலகத்தில். எவரும் முழு முதலையும் தனியே போட வேண்டியதில்லை.

பாடசாலை சீசனை நம்பித் தனிக்கடை எடுக்க நினைப்போரே, பன்னிரண்டு மாத வாடகையையும் சம்பளத்தையும் விற்பனை நாட்களால் வகுத்துப் பாருங்கள். அத்தொகையை வியாபாரம் தாங்காதெனில் புதுக்கடை வேண்டாம்; இருக்கும் கடையில் ஒரு தட்டை ஒதுக்குங்கள்.