யூதர் சரித்திரம் பேசவிருக்கும் தம்பிக்கு



ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் யூதர்களின் சரித்திரத்தையும் சமூக வாழ்க்கையையும் குறித்து நீ நிகழ்த்தவிருக்கும் சொற்பொழிவுகளுக்கான குறிப்புகளைப் படித்தேன். எகிப்தில் புறப்பட்டு, பாபிலோன் வழியாக ஐரோப்பாவின் வதைமுகாம்கள் வரை ஒரே மாலையில் கடந்துவிட எண்ணியிருக்கிறாய். சபையோர் பிரமிப்பார்களேயன்றி எதையும் மனத்தில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நம் மலைக்கு அப்பால் இருக்கும் கொல்லத்திலிருந்து ஆரம்பி. 849இல் அங்கே ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு அளிக்கப்பட்ட செப்பேட்டில், அரபு, பஹ்லவி எழுத்துகளோடு எபிரேய எழுத்திலும் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அக்கடற்கரையில் யூத வணிகர் அன்றே காலூன்றியிருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பின்பு, கி.பி. 1000ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவி, யூத வணிகன் ஜோசப் ரப்பானுக்கு முயிரிக்கோட்டில் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டுக்கு வா; இங்கே அவசரப்படாதே. எழுபத்திரண்டு உரிமைகள் என்று தொகையை மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது பேச்சாளர்களின் வழக்கம். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல். தேரோட்டத்தில் பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்று எழுந்த வழக்குகளைப் பார்த்தே தலைநரைத்தவர்கள் உன் முன்னால் அமர்ந்திருப்பார்கள். ஓர் அந்நிய வணிகனுக்குக் குடையும் பல்லக்கும் கிடைத்ததன் கனம் பேராசிரியர்களைக் காட்டிலும் அவர்களுக்கே நன்றாக விளங்கும். சுங்கமும் துலாக்கூலியும் நீக்கப்பட்டதைச் சொன்னாலோ, பஞ்சுக்கடைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்!

ஆனால், வந்தாரை வாழவைத்தோம் என்ற பெருமிதத்தில் பேச்சை முடித்துவிடாதே. கைதட்டல் கிடைக்கும், உண்மை பாதியாகும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் ஜெப ஆலயம் எழுப்பிய பரதேசி யூதர்கள், தங்களுக்கு முன்பே குடியேறியிருந்த மலபார் யூதரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோருக்கோ அந்த ஆலயத்தில் சரிசமமான இடமே கிடைக்கவில்லை. அந்த வழியில் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம், காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்த ஆலயத்துக்குள்ளேயே கைக்கொண்டார். கோயில் நுழைவுப் போராட்டங்களைக் கண்ட நம் நாட்டில் அவர் கதைக்கு விளக்கவுரை அவசியமில்லை; நீயும் உரைக்காதே.

கொச்சி யூதப் பெண்கள் கல்யாணங்களிலும் பண்டிகைகளிலும் பாடி, ஏடுகளில் தம் கையாலேயே எழுதிக் காத்துவந்த மலையாளப் பாட்டுகளுக்கு உன் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஒரு சமூகம் வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தது என்பதை அரச சாசனங்கள் சொல்லமாட்டா. அந்த ஏடுகள் சொல்லும். மேனாட்டுப் பவளத்தைக் கொடுத்துக் கோல்கொண்டா வைரம் வாங்கச் சென்னைக்கு வந்த யூத வணிகர்களை, பவளக்காரத் தெருவின் பெயரைச் சொல்லிச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

இறுதியில் இஸ்ரேலையும் பாலஸ்தீனத்தையும் பற்றி யாராவது நிச்சயம் கேட்பார். கொச்சியில் இருந்த யூதர்கள் துரத்தப்பட்டுப் போகவில்லை, பெரும்பாலோர் 1950களில் தாமே புறப்பட்டனர், நெகேவ் பாலைநிலத்தில் நேவாதீம் என்ற ஊரில் அவர்களில் பலர் குடியமர்ந்தனர் என்று சொல். அதற்கு மேற்பட்ட அரசியலுக்கு வேறொரு மாலையைக் கேட்டு வாங்கிக்கொள். ஜோசப் ரப்பான் செப்பேட்டின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு எடுத்து வா. கடைசி வரிசைக்கும் எழுத்துத் தெரியவேண்டும்.