சர்க்கரை மாத்திரையோடு சொல்ல வேண்டியவை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. செஞ்சிப் பக்கத்துத் தளவானூர் போன்ற ஊருக்கு மாத்திரையோடு போகும் செவிலியர், கொடுத்த கையோடு கிளம்பிவிடக் கூடாது.

முதலில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தனியார் டாக்டர் எழுதியதும் சுகாதார நிலையத்தில் கொடுத்ததும் பெயர் வேறாக, மருந்து ஒன்றாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு.

அடுத்து, சாப்பாட்டு நேரத்தைக் கேளுங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. இவற்றைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நூறு நாள் வேலைக்குப் போனால் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். மேல்மலையனூர் அமாவாசைக்கு விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்க வேண்டும்.

சர்க்கரை இறங்கும் அறிகுறிகளை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்: கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வியர்வை, அகோரப் பசி, பேச்சுக் குழறல். வெயிலில் மல்லாட்டை பிடுங்கும்போது வியர்த்தால் வெயில் என்றே நினைத்துவிடுவார்கள். பிரஷருக்கு அட்டெனலால் போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே, சந்தேகம் வந்தாலே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு, தெளிந்ததும் சாப்பாடு. அதோடு விட்டுவிடக் கூடாது. கிளிபென்கிளமைடு வயதானவர்களிடம், அதிலும் சிறுநீரகம் பழுதானவர்களிடம், நெடுநேரம் வேலை செய்யும். சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

பிரஷர் மாத்திரைக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அம்லோடிபினால் கால் வீங்கலாம், எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம். தானாக நிறுத்தாமல் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். முகமோ உதடோ வீங்கினால் மட்டும் அடுத்த வேளையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

கடைசியில், “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். “ஆயா, நாளைக்குக் காலையில இதை எப்பப் போடுவீங்க? மயக்கமா வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்திவிட்டு மறுபடியும் கேளுங்கள். மருமகளோ பேரனோ பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் போன பிறகு சந்தேகம் வந்தால் கேட்க 104 இருக்கிறது. அந்த எண்ணை மாத்திரை டப்பா மேலேயே எழுதிவையுங்கள்.