கடற்பாசி தரும் படலம்

தீபாவளிக்கு முதல் நாள் பல மலேசிய வீடுகளில் அகார்-அகார் காய்ச்சுவார்கள். தட்டின் ஓரத்தில் சிந்திய சில துளிகளைத் துடைக்காமல் விட்டுவிட்டால், மறுநாள் அவை கண்ணாடித் தாள்போல் காய்ந்து ஒட்டியிருக்கும். நகத்தால் மெல்ல நெம்பினால் உரிந்து வரும். கடற்பாசிப் படலம் என்று ஆய்வாளர்கள் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். அகார்-அகார் என்பது மலாய்ச் சொல்; உலக அறிவியல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இந்தப் படலத்தின்மீது இன்று ஆர்வம் கூடியிருப்பதற்குக் காரணம் நெகிழி. இரவுச் சந்தையில் குழம்பு வாங்கும் பை அரை மணி நேரம்தான் பயன்படுகிறது. குப்பையிலோ பல்லாண்டு மட்காமல் கிடக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழியை 2030க்குள் ஒழிப்பதற்கான வழிகாட்டித் திட்டத்தை மலேசிய அரசு 2018இல் வெளியிட்டது. ஒழித்தால் அதன் இடத்தில் எதை வைப்பது?

கடற்பாசியில் சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பல்சர்க்கரைகள் என்பர். செம்பாசி அகாரையும் கேரஜீனனையும் தருகிறது. பழுப்புப் பாசி அல்ஜினேட்டைத் தருகிறது. வெந்நீரில் கேரஜீனன் சங்கிலிகள் பிரிந்து கரைகின்றன. ஆறும்போது ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. நீர் ஆவியான பின் எஞ்சுவது படலம்.

நம் நாட்டில் கேரஜீனன் தரும் பாசி சபாவில், குறிப்பாகச் செம்பூர்ணா கடற்பகுதியில், பயிரிடப்படுகிறது. பாசித் துண்டுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டால் சுமார் ஒன்றரை மாதத்தில் அறுவடை செய்யலாம். உரம் வேண்டாம், நன்னீரும் வேண்டாம். ஆனால், கடல்நீர் மிகவும் சூடேறினால் கிளைகள் வெளுத்து ஒடிந்துவிடும். கயிறு கட்டியவரின் உழைப்பு வீண்தான்.

ஜொகூரில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேரஜீனன் கூழ்மங்களை ஆராய்ந்துள்ளனர். கோதுமை மாவுச்சத்தில் உணவுப் படலம் செய்து, அதில் லாரிக் அமிலம் கலந்து, பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்க முடியுமா என்றும் சோதித்துள்ளனர். தேங்காய் எண்ணெயில் நிறைய இருப்பது இந்த அமிலம்தான்.

படலம் செய்யும் முறை சமையலைப் போன்றது. கேரஜீனன் தூளை வெந்நீரில் கரைத்து, தட்டையான தட்டில் ஊற்றி, மிதமான சூட்டில் உலர்த்துவார்கள். வெறும் தூளும் நீரும் மட்டுமென்றால் காய்ந்த படலம் அப்பளம்போல் நொறுங்கும். சிறிது கிளிசரோல் சேர்த்தால்தான் வளைந்து கொடுக்கும். கிளிசரோல் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை வழுக்கி நகரவிடுகிறது. இது செம்பனை எண்ணெயைப் பகுக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள். அத்தகைய ஆலைகள் ஜொகூரின் பாசிர் கூடாங்கிலேயே உள்ளன. பாசி மட்டும் தென்சீனக் கடலைத் தாண்டி வரவேண்டும்!

சிக்கல் நீரில் இருக்கிறது. பல்சர்க்கரை நீரை விரும்பும் பொருள். அதனால்தான் அது மண்ணில் எளிதில் சிதைகிறது. அதனாலேயே ஈரம் பட்டால் ஊறித் தளர்ந்தும் போகிறது. தேன்மெழுகோ எண்ணெயோ கலந்தால் ஈரம் புகுவது குறையும், ஆனால் படலத்தின் தெளிவு மங்கும். அல்ஜினேட்டுக்குக் கால்சியம் உப்பு வலுவூட்டும். 2019 இலண்டன் மாரத்தானில் ஓட்டக்காரர்களுக்குப் பாசியால் செய்த சிறு உறைகளிலும் பானம் கொடுத்தார்கள். குடித்துவிட்டு உறையையும் விழுங்கலாம். ஆனால், அவை கடையில் மாதக்கணக்கில் வைக்க ஏற்றவை அல்ல.

ஆகவே, எந்தப் பொருளுக்கு எந்தப் படலம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. உலர்ந்த படலம் எண்ணெயைக் கசியவிடாது. உடனடி மீயின் மசாலை எண்ணெய்ப் பொட்டலத்துக்கு அது பொருந்தும். காப்பித்தூள் உறையென்றால் பிரிக்கவே தேவையில்லை. கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினால் உறையும் கரைந்துவிடும். கொதிக்கும் மீன்குழம்புக்கோ இந்தப் படலம் தாங்காது. ஜொகூர் பாரு இரவுச் சந்தையில் குழம்பு வாங்கப் போகிறவருக்கு, இப்போதைக்கு, பாட்டி வைத்திருந்த அடுக்குத் தூக்கே வசதி.