ஒருமுறை வந்தவர் மறுமுறை வர…

கேள்வி: தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறார்கள். மறுபடி கூப்பிட்டால் நழுவிவிடுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர்களைக் குறை சொல்வதற்கு முன், போன தடவை அங்கே என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். காத்திருந்த நேரம், வரிசையில் சத்தமாகக் கூப்பிட்ட பெயர், நர்ஸின் முகச்சுளிப்பு என்று ஏதாவது இருக்கும். உபதேசம் வேலைக்கு ஆகாது.

கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம், அந்தத் தொழிலில் இருந்த பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியது. ஆணுறையோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, போலீஸ் தொல்லை, கந்துவட்டி எல்லாவற்றையும் பேசினார்கள்; 1995இல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கமே அமைத்தார்கள். காசுக்குத் தட்டுப்பாடு இருக்கிறவளால் ஆணுறை வேண்டாம் என்கிற ஆளைத் திருப்பி அனுப்ப முடியுமா, சொல்லுங்கள்!

இன்னொன்று: தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால்தான் மறுபரிசோதனை. இதை யாரும் விளக்குவதில்லை. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். சம்மதமில்லாமல் செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். தயங்குகிறவர்களுக்கு 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணைக் கொடுங்கள். அடுத்த தடவை நீங்களே கூடப் போங்கள்.