குழாயினுள் ஊரும் பொறி: மண்புழுவும் பாம்பும்

பெங்களூர் நகரத்தின் குடிநீரில் பெரும் பகுதி சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் காவிரியாற்றிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு இறைக்கப்பட்டு வருகிறது. இத்திட்டத்தின் முதற் கட்டம் 1974-இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வளவு மின்சக்தியைச் செலவிட்டு ஏற்றிய நீர் தெருவின் அடியிலுள்ள பழைய இணைப்பொன்றில் கசிந்து போவது பண நஷ்டம் மாத்திரமன்று. குழாயில் அழுத்தம் குறையும் வேளையில் அதே துளை வழியே சாக்கடை நீர் உட்புகக்கூடும். கசிவின் ஓசையைத் தடி வைத்துக் கேட்டறியும் முறை உண்டெனினும், வண்டிகள் ஓயாத தெருவில் அது எளிதன்று. ஆகவே குழாயினுள்ளேயே சென்று பார்க்கும் ரோபோக்கள் தேவையாகின்றன.

அகன்ற, நேரான குழாய்க்குச் சக்கரம் பூட்டிய காமிரா வண்டியே போதும். செங்குத்தாக ஏறும் குழாயிலும், வளைவுகளிலும், விட்டம் மாறும் இடங்களிலும் அது தோற்றுவிடுகிறது. 5 கிலோகிராம் நிறையுள்ள பொறி செங்குத்தான குழாயில் நழுவாது நிற்க ஏறத்தாழ 49 நியூட்டன் உராய்வு விசை வேண்டும். பாசி படிந்த சுவரின் உராய்வுக் கெழு 0.2 எனக் கொண்டால், பொறி சுவரைச் சுமார் 245 நியூட்டன் விசையுடன் அழுத்தியாக வேண்டும்.

மண்புழு இதனைச் செய்யும் முறை நோக்கத்தக்கது. அதன் உடல் வளையங்களில் நீர்மம் நிறைந்துள்ளது; நீர்மத்தின் கன அளவு மாறுவதில்லை. ஆதலின் வளையம் மெலிந்தால் நீள்கிறது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நீளம் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுகிறது. தடித்த வளையங்கள் நுண்முட்களால் மண்ணைப் பற்றிக்கொள்ள, மெலிந்தவை முன்னே நீள்கின்றன. இந்த அலை தலையிலிருந்து வாலை நோக்கி ஓட, உடல் முன்னே செல்கிறது. சொரசொரப்பான காகிதத்திலும் கண்ணாடியிலும் ஒரு புழுவை ஊரவிட்டு, முட்களின் பயனை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம். பொறியில் வளையங்களுக்குப் பதிலாகக் காற்றால் உப்பும் ரப்பர் அறைகள் அமைகின்றன. முட்களை அப்படியே பின்பற்றுதல் தவறு. குழாயின் உட்புறச் சிமெண்டுப் பூச்சை அவை கீறிவிடும்.

புழுவுக்கு இல்லாத தொல்லையொன்று பொறிக்கு உண்டு. அதுவே பின்னால் இழுபடும் மின்கம்பி. உராய்வுக் கெழு 0.3 ஆயின், நான்கு செங்கோண வளைவுகளைக் கடந்த கம்பியை இழுக்க, நேர்க்குழாயில் வேண்டியதைப்போல் ஏறத்தாழ 6.6 மடங்கு விசை வேண்டும். முன்னால் மட்டும் வலிமை வாய்ந்த பொறி இங்கே நின்றுவிடும். உடல் முழுவதும் பற்றும் இழுவையும் பரவியிருப்பதே புழுவினிடமிருந்து பெறவேண்டிய பாடம். அதன் உருவம் அன்று.

பாம்பின் நெறி வேறு. பல கண்ணிகளைக் கோத்த உடலில் தலை நகரும்போது மற்றக் கண்ணிகள் எவ்வாறு நகர வேண்டும் என்பதே வினா. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அஷிதவ கோஷலும் உடனுழைத்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வுகளில் இதற்கு டிராக்ட்ரிக்ஸ் என்னும் வளைகோட்டைப் பயன்படுத்தினர். கயிற்றில் கட்டிய கல்லைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றால் கல் வரையும் கோடு அது. கல்லின் வேகம் இழுப்பவரின் வேகத்தை ஒருபோதும் மிஞ்சாது. ஆகவே தலையின் அசைவு வாலை நோக்கிப் படிப்படியாகத் தேய்கிறது. திருப்பத்தில் நீண்ட லாரியின் பின்சக்கரம் உட்புறமாக ஒதுங்குவதும் இதனாலேயே. குழாயில் இவ்வொதுக்கம் கண்ணியை வளைவின் உட்சுவரில் உராயச் செய்யும். கண்ணிகள் குட்டையாயிருந்தால் அது குறையும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் தமது பாம்புப் பொறியை, ஒருபோதும் இயக்கப்படாத ஆஸ்திரியாவின் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையக் குழாய்களில் செலுத்திப் பார்த்தனர்.

வடிவமைப்போர் முன்னதாகவே தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. மின்சாரம் அறுந்துவிட்டால் பொறியின் பற்று தளர வேண்டுமா, இறுக வேண்டுமா? கிடைக்குழாயில் தளர்ந்தால்தான் கம்பியைப் பிடித்து வெளியே இழுக்கலாம்; இல்லையெனில் எந்தத் தெருவைத் தோண்டாதிருக்கப் பொறியை அனுப்பினார்களோ அதையே தோண்ட நேரும். செங்குத்துக் குழாயில் தளர்ந்தாலோ பொறி கீழே விழுந்து வால்வை உடைக்கும்.