மதிப்பீட்டு வரி: ஆட்சேப நாள் கடந்துவிட்டால்

தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் வரையில் மதிப்பீட்டு வரியைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்க நேர்வதில்லை. வீடு நிர்வாகத்தினுடையது, அதன் வரியும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால், பல்லாண்டுகள் பால்மரம் சீவிச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு அருகிலுள்ள தாமானில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கியவர், அன்று முதல் வரி செலுத்தும் வீட்டுடைமையாளராகி விடுகிறார். ஆண்டுக்கு இருமுறை அவருக்கு வரிச் சீட்டு வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறொரு கடிதமும் வரும். அதுவே புதிய மதிப்பீட்டு அறிவிப்பு. மலாய் மொழியிலுள்ள அக்கடிதம் அலமாரியின் மேல் கிடந்து, விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை அதனைப் படித்துச் சொல்லும்போது ஆட்சேபம் தெரிவிப்பதற்குரிய நாள் கடந்திருப்பது உண்டு. அந்நிலையில் என்ன செய்யலாம் என்பதை ஈண்டு காண்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். நில வரி என்னும் 'சுக்காய் தானா' நில அலுவலகத்துக்கு உரியது. நாம் இங்குப் பேசுவது 'சுக்காய் பிந்து' என்றும் 'சுக்காய் தக்சிரான்' என்றும் வழங்கும் மதிப்பீட்டு வரி. இது நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ செலுத்தப்படுவது. ஒன்றைப் பற்றிய முறையீட்டை மற்றதன் அலுவலகத்துக்குக் கொண்டு சென்று ஒரு நாள் சம்பளத்தை இழந்து திரும்புவோர் உளர்.

தீபகற்ப மலேசியாவில் இவ்வரி 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி விதிக்கப்படுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று கணிப்பதே ஆண்டு மதிப்பு. அதில் மன்றம் நிர்ணயிக்கும் விழுக்காடே வரி. மாதம் 500 வெள்ளி வாடகை பெறத்தக்க வீடு ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதன் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. விழுக்காடு 6 எனின் வரி 360 வெள்ளி. அரையாண்டுக்கு 180 வெள்ளி. ஜொகூரில் மட்டும் வாடகைக்கு மாறாக வீடும் நிலமும் சேர்ந்த மேம்பட்ட மதிப்பைக் கொண்டு கணக்கிடுகின்றனர்.

மதிப்பு மிகையானது என்று கருதுவோர், பட்டியலைச் சீராய்வு செய்யக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள்கள் முன்னதாக, எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று சட்டத்தின் 142ஆம் பிரிவு கூறுகிறது. ஆட்சேபித்தவரை அழைத்து விசாரித்தல் மன்றத்தின் கடமை. முடிவு திருப்தி தராவிடின் அவர் உயர்நீதிமன்றம் செல்லலாம். அந்த வாயில் ஆட்சேபித்தவருக்கே திறந்துள்ளது. நாள் தவறியவர் நேரே நீதிமன்றம் செல்ல இயலாது. காலம் கடந்த கடிதத்தை ஏற்கும் கடப்பாடும் மன்றத்துக்கு இல்லை. இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எனினும், 'மதிப்பு அதிகம்' என்பது வேறு. 'பட்டியலில் உள்ளது உண்மையன்று' என்பது வேறு. இரண்டாவதற்கு 144ஆம் பிரிவு வழி வகுக்கிறது. தவறு, கவனக்குறைவு, மோசடி ஆகியவற்றாலோ, கட்டடம் இடிக்கப்பட்டதாலோ, மாற்றிக் கட்டப்பட்டதாலோ பட்டியல் உண்மைக்கு மாறாக இருப்பின், மன்றம் அதனை எந்நேரத்திலும் திருத்தலாம். கறையான் அரித்து இடித்துவிட்ட பின்கட்டு இன்னும் கணக்கில் இருக்கலாம். நடுவீடு மூலை வீடாகப் பதிவாகியிருக்கலாம். தரைப் பரப்பு தவறாக இருக்கலாம். ஆகவே கடிதத்தில் "வரியைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதுவது போதாது. எந்தப் பதிவு தவறு, உண்மை யாது, அதற்குச் சான்று என்ன என்பவற்றை எழுத வேண்டும். நிலப்பட்டா நகல், வீடு வாங்கிய ஒப்பந்தம், புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். அதே வரிசையில் அதே அளவுள்ள அண்டை வீட்டின் மதிப்பு குறைவாக இருந்தால், அவர் இசைவுடன் அவரது சீட்டின் நகலையும் வைக்கலாம். கடிதத்தின் மறுபடியில் மன்றத்தின் முத்திரையைப் பெற்று வருவதை மறவாதீர்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்ததற்குப் பின்னாளில் சாட்சி இராது.

இப்பிரிவின்படி மன்றமே மதிப்பை உயர்த்தவும் கூடும். சமையலறையை நீட்டிக் கட்டியவருக்கு இது நேரும். அப்போது புதிய அறிவிப்பு வரும். அதற்கு ஆட்சேபிக்கத் தனி அவகாசமும் உண்டு. முன்பு நாள் தவறியவர் இம்முறை தவறவிடலாகாது.

மதிப்பு நிலைத்துவிட்டாலும் விழுக்காடு மாறக்கூடும். 1992க்குப் பின் முதன்முறையாகக் கோலாலம்பூரில் 2013ஆம் ஆண்டு மறுமதிப்பீடு செய்யப்பட்டபோது எதிர்ப்பு பெருகியது. மாநகராண்மைக் கழகம் விழுக்காட்டைக் குறைத்தது. ஆட்சேபிக்காதவருக்கும் அக்குறைப்பு கிட்டியது. குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாக மன்ற உறுப்பினரிடம் சேர்ந்து முறையிடுவது வீண் வேலையன்று என்பதற்கே இதனைக் குறிப்பிடுகிறோம். ஓய்வு பெற்றோருக்கும் உடற்குறையுடையோருக்கும் சில மன்றங்கள் கழிவு தருகின்றன. தாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

இனி, நாம் மிகவும் அஞ்சுவது ஒன்றுண்டு. கோபத்தால் வரி கட்டாமல் இருந்துவிடுவது. முறையீடு நிலுவையில் இருப்பினும் வரி நிலுவையாகவே கணக்கிடப்படும். முதல் அரையாண்டு வரியைப் பிப்ரவரி இறுதிக்குள்ளும் இரண்டாவதை ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால் தண்டத் தொகை சேரும். பின்னர் 15 நாள்களுக்குள் கட்டுமாறு 'இ' படிவ அறிவிப்பு வரும். அதற்கும் அசையாவிடின், வாரண்டுடன் வந்து வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களைக் கைப்பற்றி ஏலமிட மன்றத்துக்கு அதிகாரமுண்டு. அரையாண்டுக்கு 180 வெள்ளியைப் பற்றிய மனத்தாங்கலுக்காகத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருவில் பறிகொடுப்பானேன்? கட்டிவிட்டு முறையிடுங்கள். ஒரே தவணையில் இயலாதெனின், வாரண்டு வருமுன் மன்றத்தின் வரிப்பிரிவுக்குச் சென்று தவணை முறை கேளுங்கள்.

சட்டப்படி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும்; மாநில அரசின் இசைவுடன் அது நீள்வதும் உண்டு. அடுத்த பட்டியல் வரும்போது அறிவிப்பு உரியவர் கையில் சேர வேண்டுமே! வீடு வாங்கியும் முகவரியை மாற்றாமல் விட்டதால், கடிதம் பழைய தோட்டத்து அலுவலகத்துக்கே சென்று கொண்டிருக்கலாம். வீடு இறந்துபோன தந்தையாரின் பெயரிலேயே இருந்தால் சீட்டும் அவர் பெயருக்கே வரும். வீட்டை விற்றவர் மூன்று மாதத்துக்குள் மன்றத்துக்கு அறிவிக்கவில்லையென்றால், பிறர் குடியிருக்கும் வீட்டின் வரி அவர் தலையில் விழும். அடுத்த முறை வரி கட்டச் செல்லும்போது, அதே முகப்பில் பெயரும் முகவரியும் சரியா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.