டியூ தவறியவர் இரண்டாவது வீட்டுக் கடன் கேட்கும்போது

அன்பு மகன் அறிய,

டியூ தவறியவருக்கு வங்கி மறுபடியும் வீட்டுக் கடன் தராது என்ற பேச்சு தூத்துக்குடியில் பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். தவணை எத்தனை நாள் நிலுவையில் நின்றது, பாக்கி முழுவதும் கட்டப்பட்டதா, அதன் பிறகு எத்தனை மாதம் தேதி தவறாமல் கட்டப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும்தான் வங்கி முதலில் பார்க்கிறது. ஏன் தவறியது என்ற கேள்வி அதற்கு அப்புறம் வருவது. இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இன்னொன்று வாங்க நினைப்பவர் இந்த வரிசையை அறிந்துகொண்டு வங்கிப் படி ஏறுவது நல்லது.

மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரருக்காக வகுக்கப்பட்ட முறை. இந்தக் கரையின் வருமானமோ ஒருநாளும் மாதக் கணக்கில் வந்ததில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் சில வார வரும்படியில்தான் ஆண்டு ஓடியது. அதுவும் 1961-உடன் நின்றுபோனது. இன்று விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. கப்பலுக்குப் போகிறவருக்கு ஒப்பந்தம் முடிந்து ஊரில் இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் சம்பளம் இல்லை. போதாக்குறைக்கு 2018 மே மாதம் ஸ்டெர்லைட் செம்பு ஆலை மூடப்பட்டது, 2020-இல் பொதுமுடக்கம் வந்தது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் தவணை தவறியதை ஒழுக்கக் குறை என்று பேசுவது அநியாயம். ஆனால் கடன் அறிக்கையில் மழைக்கும் தடைக்காலத்துக்கும் கட்டம் கிடையாது, தேதிக்குத்தான் உண்டு.

அந்த அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகும். பலரும் அந்த எண்ணைப் பார்த்ததும் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். வங்கி அதிகாரியின் கண் போவது அதற்குக் கீழே, ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகப் போட்டிருக்கும் சிறு கட்டங்களின் மேல். நிலுவை எத்தனை நாள் என்பது அங்கேதான் இருக்கிறது. 2024 ஜனவரி 5-ஆம் தேதித் தவணையை வெள்ளத்தால் ஒருவர் கட்ட முடியாமல் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஜனவரிக் கட்டத்தில் 26, பிப்ரவரியில் 55, மார்ச்சில் 86 என்று எண் ஏறும். ஏப்ரல் முதல் வாரத்தில் 90 நாள் நிறைந்ததும் அந்தக் கடன் வாராக் கடனாகிவிடும். 30 நாளுக்குள் அடங்கிய தாமதத்தைப் பல வங்கிகள் பெரிதுபடுத்துவதில்லை. 60-ஐத் தாண்டினால் விளக்கம் கேட்கும். 90-ஐத் தாண்டினால் முதல் மறுப்பு அங்கேயே வரும்.

இதில் நல்ல மனிதர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மாதம் தவறியவர் மூன்றாம் மாதத்திலிருந்து தவறாமல் ஒரு தவணை வீதம் கட்டி வருவார். சரிசெய்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் அவர் கட்டும் பணம் பழைய பாக்கிக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்த மாதத் தவணை நிலுவையிலேயே நிற்கிறது. விளைவாக, ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டிய ஆண்டு முழுவதும் கட்டங்களில் ஐம்பதும் அறுபதுமாகவே விழுந்துகொண்டிருக்கும். வாராக் கடனாகிவிட்டால் இன்னும் கடுமை: அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதையும் கட்டினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே கையில் வரும் முதல் மொத்தப் பணம், அது போனஸானாலும் சீட்டுப் பணமானாலும், பழைய பாக்கிக்கே போக வேண்டும். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

இதே எச்சரிக்கை செட்டில்மென்டுக்கும் பொருந்தும். கிரெடிட் கார்டிலோ தனிநபர் கடனிலோ பாக்கியில் பாதியைக் கட்டினால் போதும் என்று வசூல்காரர் சொல்வது வழக்கம். அப்போது பெரிய சலுகையாகத்தான் தெரியும். ஆனால் அறிக்கையில் அந்தக் கடன் ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாகாமல் ‘செட்டில்’ என்று பதிவாகும். வீட்டுக் கடன் அதிகாரி அதை, கொடுத்தவருக்கு நட்டம் வைத்துப் போனவர் என்று படிப்பார். ஏற்கெனவே அப்படி முடித்தவர் விட்டுப்போன மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்வதே வழி. கட்டிய பின்னும் அறிக்கை திருந்தவில்லை என்றால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்கப்படாத புகாருக்கு அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 முதல் நடைமுறை. அதிலும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பாக்கி தீர்ந்த பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. ஓராண்டு சுத்தமான கட்டங்கள் இருந்தால் பேச முடியும். இரண்டாண்டு இருந்தால் நிமிர்ந்தே பேசலாம். காத்திருக்கும் காலத்தில் நாலைந்து இடங்களில் விண்ணப்பம் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணை இறக்கும். வெள்ளத்தால் தவறியது என்றால் அதற்கான தாள்களை, நிவாரணப் பதிவு, கடை அல்லது படகின் சேத மதிப்பீடு, அந்த மாதங்களின் வங்கிக் கணக்கு என்று சேர்த்துவைத்து, விண்ணப்பத்துடன் ஒரு பக்க விளக்கக் கடிதமாகக் கொடுக்க வேண்டும். அதிகாரி கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடுபவருக்கு மரியாதை தனி.

இனி வாடகை. வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டபின் தூத்துக்குடியில் வாடகை வீட்டைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. அந்த வாடகையே புதுக் கடனைக் கட்டிவிடும் என்று பலர் மனக்கணக்குப் போடுகிறார்கள். வங்கியின் கணக்கு வேறு. கைக்கு வரும் சம்பளம் 60,000, பழைய வீட்டுத் தவணை 14,000 என்று கொள்ளலாம். எல்லாத் தவணையும் வருமானத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும் என்று வங்கி வைத்தால், புதுத் தவணைக்கு மிஞ்சுவது 16,000. எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு அது சுமார் 18 லட்சம் கடனுக்குத்தான் ஈடு. பழைய வீட்டில் 10,000 வாடகை வந்தாலும் வங்கி முழுவதையும் வருமானமாக எடுத்துக்கொள்வது அரிது. 7,000 எடுத்துக்கொண்டால் கடன் தகுதி சுமார் 22 லட்சமாகும். ஆக, மாதம் 10,000 வாடகையின் பலன் வங்கியின் கண்ணில் சுமார் நான்கு லட்சம், அவ்வளவே. அந்த அளவாவது கிடைக்க வாடகை வங்கிக் கணக்கில் வர வேண்டும், வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்க வேண்டும், எழுத்து ஒப்பந்தமும் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம்.

ஒத்திக்கு விட்டு மொத்தமாகப் பணம் வாங்கி, அதையே புது வீட்டுக்கு முன்பணமாகக் கட்டும் யோசனை நம் பக்கத்தில் எளிதாக வரும். கடன் உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது. ஒத்தியும் ஓர் அடமானம்தான். வங்கியிடம் பத்திரம் இருக்கும் வீட்டின் மேல் பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும், பதிவு செய்யாவிட்டால் பணம் கொடுத்த குடும்பத்துக்குப் பிடிமானம் இல்லை. மாத வாடகை வராததால் காட்டுவதற்கு வருமானமும் இல்லை. திருப்பித் தர வேண்டிய கடன் மட்டும் ஒன்று கூடுகிறது. வாடகைக்கு விடுவதாக இருந்தாலும் பழைய வங்கிக்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட வேண்டும். கடன் ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். வாராக் கடனுக்கான 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்ட வீடென்றால் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விடுவதை, அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டமே தடுக்கிறது. மீறி விடுவது குடிவந்தவரை நடுத்தெருவில் நிறுத்தும் காரியம்.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதிலும் பலருக்குக் கணக்குத் தவறுகிறது. 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்குமேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும் தரலாம் என்பது உச்ச வரம்பு. பழைய நிலுவை உள்ளவருக்கு அதைவிடக் குறைவாகவே தருவார்கள். 40 லட்சம் வீட்டுக்கு உச்சமான 32 லட்சமும் கிடைத்தாலும் எட்டு லட்சம் சொந்தமாக வேண்டும். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்துக்கு இன்னும் 3,60,000. இந்தப் பள்ளத்தைக் கந்துவட்டியால் நிரப்புபவர் முதல் ஆண்டிலேயே மறுபடி டியூ தவறுகிறார். வட்டி மானியம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகரையும் நம்ப வேண்டாம். அந்த மானியம் தரும் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் சொந்தமாகக் கல்வீடு இல்லாதவருக்கானது.

வங்கி மறுத்தால் வீட்டுக் கடன் நிறுவனங்கள் தரும், வட்டி கூட்டி. 32 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் தவணை சுமார் 27,770. பத்தரை என்றால் 31,950 போல வரும். 20 ஆண்டில் வித்தியாசம் பத்து லட்சம். ஓராண்டு காத்திருந்தால் மிஞ்சக்கூடிய பணம் அது. அவசியம் என்றால் மாறும் வட்டிக் கடனாக எடுத்து, அறிக்கை தெளிந்ததும் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. மூன்று மாதத் தவணையைத் தொடாத கணக்கில் போட்டுவைக்க முடியாதவருக்கு, தடைக்காலமோ ஒப்பந்தமில்லாத மாதங்களோ உள்ள தொழிலில் இரண்டு கடன் தாங்காது. அவர் பழைய வீட்டை விற்றுக் கடனை முடித்துவிட்டுப் புதியதை வாங்குவதே சரி.

அப்படி முடிக்கும்போது, முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததோடு நின்றுவிடாமல், அடமானப் பதிவை நீக்கும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்று ஒன்று புதிதாகப் போட்டு அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா